ஃபால்ஸ் பாசிட்டிவ் அண்ணன்

சென்னைப் புறநகரான பொத்தேரியில் ஸ்டேஷனைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில், மாடிக்கு ஒருவராவது இந்த அண்ணன் இருப்பார். படிப்பது நாலாம் ஆண்டு. அரியர்களின் தயவில் அடுத்த ஆண்டும் அதுவே. பையன்களின் லேப்டாப்பில் ‘ட்ரோஜன்’ என்று எச்சரிக்கை வந்தால் இவர்தான் வைத்தியர். ஃபீஸ் ஒரு சிக்கன் ரைஸ்.

“அண்ணா, ஆன்டிவைரஸ் என்னமோ பிடிச்சிருக்குண்ணா.”

“எந்த ஃபைல்டா?”

“போன வாரம் நீங்க போட்டுக் குடுத்தீங்களே, அந்த கிராக்...”

“அது ஃபால்ஸ் பாசிட்டிவ்டா தம்பி, வெறும் பொய் எச்சரிக்கை!”

ட்ரோஜன் தானாகப் பெருகிப் பரவும் சாதி இல்லை. நல்ல பிள்ளை வேஷத்தில் வரும். யாராவது கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். அந்தக் கைங்கரியத்துக்குத்தான் அண்ணன். கிராக்கோடு, அதாவது பூட்டுடைத்த திருட்டு மென்பொருளோடு, வரும் குறிப்பில் முதல் வரியே ‘ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்றிருக்கும். நாயைக் கட்டிப் போடு, அப்புறம்தான் உள்ளே வருவேன் என்கிற விருந்தாளி எப்பேர்ப்பட்டவன் என்று அண்ணன் யோசிப்பதில்லை.

மடக்கிக் கேட்டால் கூடங்குளத்தை இழுப்பார். “அணு உலைக்கே வந்துச்சுடா, உனக்கு வந்தா என்ன?” வந்தது உண்மைதான். 2019-ல் டிட்ராக் என்ற உளவு ட்ரோஜன் அங்கே ஒரு கணினியில் இருந்ததாக அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. ஆனால் அது இணையத்தோடு சேர்ந்த நிர்வாகப் பிரிவுக் கணினி, உலையின் கட்டுப்பாட்டு அமைப்போடு தொடர்பில்லாதது என்றும் கழகம் சொன்னது. அந்தப் பாதி அண்ணன் காதில் விழவில்லை.

சிகிச்சை முறை தனி. இருக்கிற ஆன்டிவைரஸ் போதாதென்று இன்னொன்றை ஏற்றுவார், அதுவும் கிராக். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகித்து மல்லுக்கட்ட, லேப்டாப் மூச்சு வாங்கும். உடனே ஃபார்மட். பிறகு தன் பென் டிரைவிலிருந்து அதே ஃபைலை பயபக்தியோடு திரும்பவும் போடுவார். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்: “ஓசில வர்றதெல்லாம் வேலை செய்யுமாடா?” எந்த மென்பொருளுக்கும் காசு கொடுத்தறியாதவர் சொல்கிற பேச்சு!

பையன்களே, எச்சரிக்கை வந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கால் மணி நேர வேலை. அந்த கிராக்கைத் தூக்கி எறியுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் அண்ணன் அறைக்கு ஓடாமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள்.