நிதி அமைச்சகத்துக்கு ஒரு விசுவாசியின் விண்ணப்பம்

அனுப்புநர்: வரி பாக்கி வைக்காத ஒரு குடிமகன்
பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகம், புதுடெல்லி
பொருள்: ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டும் தாராளத்தை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக
பார்வை: தங்களின் 2024 செப்டம்பர், 2025 ஜூன் மாதச் சலுகைகள்

பெருமதிப்பிற்குரியீர்,

முதலில் பாராட்டு. 2020-21 கணக்குப்படி இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவழித்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. தென்கொரியாவில் ஊதாரிகள் 5 விழுக்காட்டை நெருங்கிவிட்டார்கள். பாவம், அதனால்தான் போன் முதல் கப்பல் வரை எல்லாவற்றையும் அவர்களே செய்து ஊருக்கெல்லாம் விற்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வாங்கினால் போதும்.

இந்தச் சிக்கனம் தானாக வந்ததல்ல என்று அறிவேன். அரசு ஆராய்ச்சி நிலையங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2022 ஜூலையில் 18 ஆனது. கணக்கில் பார்த்தால் ஆராய்ச்சிக்குச் செலவு, கஜானாவில் பார்த்தால் வரவு. கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும். பிறகு மானியத் தொகைக்கே ஜிஎஸ்டி கேட்டு ஐஐடி டெல்லிக்கு 120 கோடி ரூபாய் நோட்டீஸ் போனபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் 2024 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி ஆராய்ச்சி மானியத்துக்கு விலக்கு அளித்துவிட்டது. 2025 ஜூனிலோ, அறிவியல் கருவிகளை ஜெம் என்ற அரசுக் கொள்முதல் போர்ட்டலுக்கு வெளியே வாங்கலாம், 2 லட்சம் ரூபாய் வரை கொட்டேஷனே வேண்டாம் என்று நீங்களே விதியைத் தளர்த்தினீர்கள். ஏன் இந்த மனத்தளர்ச்சி?

இவர்களை இஷ்டத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பித்தார்கள். வடக்கே சரியாகப் பூக்காத கரும்பு அங்கே நன்றாகப் பூக்கும் என்பது ஒரு காரணம். பார்பர் என்ற வெள்ளைக்காரரும் டி.எஸ். வெங்கட்ராமனும் சேர்ந்து தித்திக்கும் கரும்பை நாணலோடு கலந்தார்கள். ஆற்றங்கரையில் சும்மா கிடக்குமே, அந்த நாணல்தான். 1918-ல் கோ 205 என்ற ரகம் பஞ்சாபுக்குப் போனது. அப்புறம் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்த ‘கோ’ ரகங்கள் வட இந்திய வயல்களில் பரவியதைத் தடுக்க ஆளில்லை.

அன்று ஜெம் இல்லாதது தேசத்தின் துரதிர்ஷ்டம். இருந்திருந்தால் வெங்கட்ராமன் ‘நாணல், ஒரு கட்டு’ என்று பதிவேற்றி, மூன்று கொட்டேஷனுக்குக் காத்திருந்திருப்பார். விலை குறைவாகக் கேட்ட எல்1 ஆசாமி கோரைப்புல்லைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார். விவரக்குறிப்பில் ‘புல்வகை’ என்றுதானே இருந்தது! டெண்டர் ரத்து, மறு டெண்டர், அதற்குள் மார்ச் 31, மிச்சப் பணம் திரும்ப ஒப்படைப்பு. கரும்பு பூத்து முடிந்திருக்கும்.

அந்தக் கரும்பு நிலையம் இன்னும் திருந்தவில்லை. அதன் கர்னால் மையம் தந்த கோ 0238 ரகம் 2009-ல் வெளியாகி, உத்தரப் பிரதேசக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. சரி, வேலை முடிந்தது, கோப்பை மூடலாம் என்றால், செவ்வழுகல் நோய் வந்து அதே ரகத்தைப் பதம் பார்க்கிறது. மறுபடி மாற்று ரகம் தேட வேண்டுமாம். திட்டக்காலம் முடிந்த விஷயம் பூஞ்சைக்குத் தெரியவில்லை போலும். ஒரு சுற்றறிக்கை அனுப்பிப் பாருங்கள்.

இதைவிட மோசம் சென்னை சேத்துப்பட்டு விவகாரம். காசநோய் என்றால் அப்போது சானடோரியம்தான்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் திறந்தன. அங்கிருந்தவர்களுக்கு ஒரு விபரீத சந்தேகம். ஒற்றை அறையில் குடும்பத்தோடு நெருக்கியடித்துக் கிடக்கும் ஏழைக்கு, அந்த அறையிலேயே மருந்து கொடுத்தால் குணமாகாதா? நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறு பாதியை வீட்டுக்கும் அனுப்பி, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-ல் வந்த முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு குடியிருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இதை நம்பித்தான் இறங்கியது. உலகத்தில் சானடோரியங்களுக்கு வேலை குறைந்தது.

தணிக்கைக் கண்ணால் பாருங்கள். நோயாளி உண்டு, கட்டில் இல்லை. கட்டில் இல்லாததால் ரசீது இல்லை. ரசீது இல்லாத சிகிச்சைக்கு யார் யூசி என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தது? பிழைத்த உயிரை எந்தத் தலைப்பில் வரவு வைத்தார்கள்?

இளைய ஆராய்ச்சியாளர்களின் உதவித்தொகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் அவர்கள் டெல்லி வீதிக்கு வந்த பிறகு 31,000 ரூபாய் ஆனது, 2023-ல் 37,000 ஆனது. தொகையைவிட அது வந்து சேரும் மாதம்தான் சுவாரசியம். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் பொறுமையாகப் பேசும் பயிற்சியும் முனைவர் பட்டத்தில் சேர்த்திதானே.

ஆனால் புது தேசிய ஆராய்ச்சி நிதியத்தின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்து, அதில் 36,000 கோடி வெளியாரிடமிருந்து வரும் என்றீர்கள். மொய் வரும் என்ற நம்பிக்கையில் ஊரைக் கூட்டிப் பந்தி போட்ட கல்யாண வீட்டுக்காரரின் துணிச்சல் அது. மொய் வராவிட்டாலும் பத்திரிகை அடித்தது அடித்ததுதான்.

ஆகவே, சேத்துப்பட்டு ஆய்வை மறுதணிக்கைக்கு எடுத்து, அதனால் வீணாய்ப்போன சானடோரியக் கட்டில்களின் மதிப்பை வட்டியோடு வசூலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வு செய்தவர்கள் பெரும்பாலும் காலமாகியிருப்பார்கள் என்பதால், வீட்டிலேயே மாத்திரை விழுங்கிப் பிழைத்தவர்களின் வாரிசுகளிடம் வசூலிப்பதே முறை. பட்டியல் சற்று நீளமாக இருக்கும். அதில் எங்கள் அப்பாயி பெயரும் வரக்கூடும் என்பதால், என் பங்கை மட்டும் தவணையில் கட்ட அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விசுவாசி

நகல்: தணிக்கைத் துறை, தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.