ஓசைப்படாமல் கழற்றிவிடுவது எப்படி?

கம்பத்தில் என் டிடிபி கடையில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் குடியிருக்கிறது. வெளியே இருப்பது தவணையில் வாங்கிய புதுசு. உள்ளே இருப்பது எமுலேட்டர் என்கிற மென்பொருள் கட்டும் வேஷம். 2003-ஆம் வருஷத்துப் பெட்டி மாதிரி அது நடிக்கும். ஃபிளாப்பி டிரைவ் உண்டு, பேரலல் போர்ட் உண்டு, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி, எக்ஸ்பிக்குள் பேஜ்மேக்கரும் ஒரு மொய் புரோகிராமும். இத்தனையும் வேஷம் என்பது எக்ஸ்பிக்கு மட்டும் தெரியாது.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள் காலை, உள்ளே இருந்தவர் எழுந்திருக்கவில்லை. மென்பொருள் ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, இந்தப் பழைய பெட்டியாக இனிமேல் நடிப்பதற்கில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எந்த மென்பொருள், யார் ஏற்றியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கழற்றிவிடப்பட்டவன் என்ற தகுதியில், இனிமேல் கழற்றப்போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழிமுறைகளைச் சொல்கிறேன்.

முதலில் எதைக் கழற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். யாரும் குறையே சொல்லாத வசதியாகப் பார்த்து எடுங்கள். குறை வருகிறது என்றால் அதற்கு ஆள் இருக்கிறது, பக்கத்தில் போகாதீர்கள். பந்தியில் ரசத்துக்கு உப்பு கூடினால் ஊரே பேசும். சாப்பாடு நன்றாக இருந்தால் இலையை மடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஒழுங்காக ஓடுகிற வசதியைப் பயன்படுத்துகிறவர்களும் அப்படித்தான். சத்தமே இல்லையா, யாருமே பயன்படுத்தவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் மொய் புரோகிராம் அந்த ரகம். 2008-ல் ஒருவர் எழுதிக் கொடுத்தது. காதுகுத்து, கல்யாணம், புதுமனை என்று எங்கே மேசை போட்டாலும் கம்ப்யூட்டரையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு போவோம். ஊர், பெயர், தொகை. இங்கே மொய் என்பது அன்பளிப்பு மட்டுமில்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது, வந்ததற்கு மேலே ஒரு தொகை வைத்துச் செய்ய வேண்டும். அது பன்னிரண்டு வருஷம் கழித்து வரலாம். அன்றைக்குத்தான் அந்தப் பழைய கணக்குக்கு ஆள் வருவார். அதுவரை அவர் எந்த மென்பொருள்காரருக்கும் கடிதம் போடப்போவதில்லை.

அடுத்தது அறிவிப்பு. இதில் முன்மாதிரி வேண்டுமென்றால் கியூஎமுவைப் பாருங்கள். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003-ல் ஆரம்பித்த எமுலேட்டர், இன்று உலகத்துச் சர்வர்கள் பலவற்றுக்கு அடியில் ஏதோ ஒரு ரூபத்தில் இருக்கிறது. ஒன்றைக் கழற்றுவதற்கு முன் அதை விலக்கப்போகும் பட்டியலில் போடுவார்கள். பிறகு குறைந்தது இரண்டு வெளியீடு வரை பொறுத்திருப்பார்கள். நாலு மாதத்துக்கு ஒன்றாக வருஷத்துக்கு மூன்று வெளியீடு, ஆக எட்டு மாத அவகாசம். கிரிஸ் என்றொரு பழைய சிப், ஆக்சிஸ் என்ற சுவீடன் கம்பெனி செய்தது. அதற்கான ஆதரவு 2024 ஏப்ரலில் பட்டியலேறி, அதே டிசம்பரில் இறங்கிவிட்டது. பதிப்பு எண் போட்ட மெஷின் வகைகளுக்கு மட்டும் தாராளம்: மூன்று வருஷத்தில் முத்திரை, ஆறு வருஷத்தில் வெளியே.

நாலு மாதக் கணக்கு எங்கள் ஊருக்குப் புதிதில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைக்குக் கவாத்து போட்டால் ஏறக்குறைய நாலு மாதத்தில் குலை அறுக்கலாம், வருஷத்துக்கு மூன்று வெள்ளாமை வரை எடுக்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட பழம் அது. கவாத்துக் கத்திரி பிடிக்கிறவர் கொடியில் எத்தனை கண் விடுவது என்று எண்ணிவிட்டுத்தான் கை வைப்பார். நீங்கள் அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

கியூஎமுவிடம் ஒழுங்கு அதிகம். ஆகையால் அறிவிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒட்டும் இடத்தை மாற்றுங்கள். பயனர் கைப்பட ஓட்டும்போது கறுப்புத் திரையில் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். என் கடையில் அந்தத் திரையைப் பார்த்தவர் இல்லை. நிறுவிக் கொடுத்த பையன் டெஸ்க்டாப்பில் ஒரு படம் வைத்து, 'இதை ரெண்டு தட்டு தட்டுங்கண்ணே' என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். எச்சரிக்கை தினமும் வந்திருக்கிறது. அரை நொடி கறுப்பாக ஏதோ மின்னும். கரண்டு ஏற்ற இறக்கம் என்று நினைத்து ஸ்டெபிலைசர் வாங்கினேன்.

ஆதரவுக் காலம் எவ்வளவு வைக்கலாம் என்று எங்களிடம் மட்டும் கேட்காதீர்கள். முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 29 அக்டோபர் 1886-ல் கையெழுத்தானது, 8,000 ஏக்கருக்கு 999 வருஷக் குத்தகை. முடிந்தால் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவும் உண்டு. ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்த வாடகை 1970-ல் 30 ரூபாயானது, குத்தகைக் காலத்தில் யாரும் கை வைக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து, கடையில் அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பவனிடம் வந்து எட்டு மாதம் என்றால் சிரிப்பு வரும்.

மூன்றாவது, பழையதைப் பிடுங்கிவிட்டுத்தான் புதியதைப் பற்றி யோசிக்க வேண்டும். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 டிசம்பர் 31-ஓடு மூடினார்கள், அகலப் பாதையாக்க. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். தொண்ணூறு கிலோமீட்டர். மூடிய வருஷம் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த போடிப் பிள்ளை பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டுத்தான் சொந்த ஊரில் ரயில் ஏறியிருக்கும். நடுவே பஸ்காரர்கள் வாழ்ந்தார்கள்.

அறிவித்தால் பழையது தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு வேறு உதாரணம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகள் வந்தன. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம், இனி யூனிகோடும் டேஸ் 16-உம் என்று அரசாணை. என் கடைக்கு வரும் பென் டிரைவுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்ததும் வரும், வானவில்லில் அடித்ததும் வரும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். எழுத்துருவைக் கழற்றினால் அம்மா போய், அந்த ஐந்தும் பல்லிளிக்கும்.

மொய்க் கணக்கை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். மாற்றினேன். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே உருவம். மாற்றி மென்பொருள் 'சௌந்தரம்' என்பதை 'செளந்தரம்' ஆக்கி வைத்திருந்தது. திரையில் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் சௌந்தரம் என்று தேடினால் அப்படி ஒருவர் மொய்யே செய்யவில்லை என்று வருகிறது. ஐயாயிரம் ரூபாய் செய்தவரை இல்லை என்று சொல்லிவிட்டு இந்த ஊரில் கடை திறக்க முடியாது.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 மே மாதம் வெனம் என்றொரு ஓட்டை வெளியே வந்தது. கியூஎமுவின் பொய் ஃபிளாப்பி டிரைவுக்குள் 2004-லிருந்தே உட்கார்ந்திருந்த பிழை. அந்த வழியாக, உள்வீட்டில் குடியிருப்பவன் வெளிவீட்டுக்குள் புகுந்துவிட முடியும். ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்திராதவர்களின் சர்வர்களிலும் அந்த டிரைவ் இருந்தது. பூட்டிய வீட்டில் கொல்லைக் கதவு திறந்து கிடந்த கதை. இதைப் படித்த அன்று ராத்திரி என் ஃபிளாப்பியை நானே கழற்றிவிட்டேன், யாருக்கும் அறிவிக்காமல்.

கடைசி வழிமுறை, கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. 'புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்' என்ற மூன்று வார்த்தை போதும். அவர் புதிய பதிப்புக்கு மாறியதால்தான் வந்திருக்கிறார் என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு, போன மார்கழியில் நானும் ஒன்று செய்தேன். மென்பொருளின் பழைய பதிப்பை ஒரு பழைய சிபியூவில் ஏற்றி, நெட் வயரைப் பிடுங்கி, மேசைக்கு அடியில் வைத்திருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் அதைக் கட்டி அழுவது? '2012-க்கு முந்தைய மொய்க் கணக்குகள் டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்துத் தரப்படமாட்டாது' என்று அடித்து, லேமினேட் செய்து, கடையிலேயே ஒட்டினேன்.

தை பிறந்து நாலாம் நாள் சின்னமனூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார், கையில் மஞ்சள் பை.

“அண்ணே, 2009-ல எங்க மகளுக்குக் காது குத்தினோம்ல, அந்தச் செய்முறைக் கணக்கு ஒரு பிரிண்ட் வேணும். கோம்பையில ஒரு விசேஷம்.”

“போர்டு பார்க்கலையா?”

“எந்தப் போர்டுண்ணே?”

கையைக் காட்டினேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால், நகைக்கடை காலண்டருக்குக் கீழே, ஒரு மூலை மட்டும் தெரிந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் குனிந்து மேசைக்கு அடியில் சுவிட்சைப் போட்டேன். கறுப்பாக ஏதோ மின்னியது. எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்தது.

“உட்காருங்க, பிரிண்டருக்கு ரிப்பன் மாட்டணும்” என்றேன்.