விஷயம் தெரியுமா?

வதந்தி பரப்பக் காசு வாங்கியவன் நான். ரசீதும் கொடுத்திருக்கிறேன்.

மன்னார்குடியில் 1991 முதல் பதினைந்து வருஷம் எஸ்.டி.டி. பூத் நடத்தினேன். போலியோவில் இடது கால் சூம்பிப்போனதால், ஊனமுற்றோருக்கான முன்னுரிமையில் கிடைத்த பூத். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. எனக்குப் பூத் முதலில் வந்தது, மரியாதை பிறகு வந்தது.

ஆறடிக்கு எட்டடிக் கடை. கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், சர்ரென்று பில் துப்பும் குட்டி மெஷின், வாசலில் மஞ்சள் போர்டு. தெருவில் பாதிப் பேருடைய கல்யாணப் பத்திரிகையில் என் கடை நம்பர்தான் 'பி.பி.' என்ற அடைமொழியோடு இருக்கும். யாருக்காவது ஃபோன் வந்தால் பையனை ஓடவிட்டுக் கூட்டிவரச் சொல்வேன்; அதற்கு இரண்டு ரூபாய். கூண்டின் கதவு முழுசாகச் சாத்தாது. அந்தப் பழுதைப் பதினைந்து வருஷமும் நான் சரிசெய்யவில்லை.

1995 ஜூலை 31-ம் தேதி, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை செல்போனில் அழைத்தார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. பேப்பரில் படித்துவிட்டு, அதே பேப்பரில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்துத் தின்றேன். நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல், வருகிற காலுக்கும் காசு. எவன் வாங்குவான்? (அடுத்த வருஷமே சுக்ராம் வீட்டில் சி.பி.ஐ. கட்டுக்கட்டாகப் பணம் எடுத்தது. அவராவது வாங்கியிருப்பார்.)

ஏழு வாரம் கழித்து, செப்டம்பர் 21, வியாழக்கிழமை, பிள்ளையார் பால் குடித்தார்.

என் கடைக்கு அந்தச் சேதி மாம்பலத்திலிருந்து வந்தது, பக்கத்துத் தெரு டீச்சரம்மாவுக்கான பி.பி. காலாக. ஓடி வந்தவர் கேட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், வைத்தார். வைத்த கையோடு திருச்சிக்கு ஒன்று, கோயம்புத்தூருக்கு ஒன்று, பம்பாய்க்கு ஒன்று. மாசக் கடைசி, பத்து ரூபாய் கடன் சொன்னார். அதற்குப் பிறகு வரிசை வாசலைத் தாண்டிச் சைக்கிள் கடை வரை நின்றது. "ஆளுக்கு மூணு நிமிஷந்தான், பின்னாடி ஆள் நிக்குது" என்று விதி போட்டேன். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று விதி போட்டபோது, இருபத்து மூன்று வருஷம் முன்பே அதை நான் அமல்படுத்தியவன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். அவர்கள் ஏன் போட்டார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சாத்தாத கதவு வழியாக நான் கேட்டதில், அன்றைய கால்கள் எல்லாமே ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கின: "விஷயம் தெரியுமா?" மறுமுனை "தெரியாதே, என்ன?" என்றால் பேசுகிறவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவார். "தெரியுமே, நாங்க ரெண்டு தடவை குடுத்துட்டோம்" என்றால் முகம் தொங்கிவிடும். அரிசி மண்டிக்காரர் ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ரூபா தண்டம்" என்றார்.

"ஏண்ணே, சேதி போய்ச் சேந்துருச்சே?"

"அதான் எனக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சே!"

பக்தி இருந்தது, பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு ரூபாயை எண்ணிவைக்கச் சொன்னது அவை அல்ல என்று அன்று எனக்குத் தோன்றியது. முதலில் சொன்னவர் என்ற பேர்தான் விற்பனைச் சரக்கு. நான் அதை மீட்டர் போட்டு விற்றுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, எவர்சில்வர் ஸ்பூனோடு நானும் போனேன். பெரியார் புத்தகங்கள் நாலைந்து படித்தவன், சும்மா பார்த்துவரத்தான் போனேன். பால் போயிற்று. ஐயா, என் கண் முன்னால் போயிற்று. டெல்லியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்காரர்கள் பாலில் சாயத்தைக் கலந்து கொடுத்து, அது ஈரக் கல்லின் மேல் மெல்லிசாகப் படர்ந்து கீழே வழிவதைக் காட்டினார்கள். பரப்பு இழுவிசை என்றார்கள். எட்டாம் வகுப்பில் படித்ததுதான். மறுநாள் காலை எங்கள் தெருப் பிள்ளையாரின் பீடத்தைச் சுற்றி ஈ மொய்த்தது, புளித்த வாடை அடித்தது. அதைச் சொல்ல ஒருவர்கூட என் பூத்துக்கு வரவில்லை. உண்மைக்கு எஸ்.டி.டி. போட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

தப்பு. ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

1996 மே மாதம், சட்டமன்றத் தேர்தல் எண்ணிக்கை நாள். அப்போது வாக்குச்சீட்டு, எண்ணி முடிக்க யுகமாகும். கடைக்குள் தி.மு.க. வார்டு செயலாளரும் அ.தி.மு.க. வார்டு செயலாளரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டீயும் ஒன்றாகத்தான் குடித்தார்கள். கிருஷ்ணகிரி லாரி ஷெட்டில் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பையன் கூப்பிட்டான்: "அண்ணே, பர்கூர்ல அம்மா தோத்துட்டாங்க."

அ.தி.மு.க.காரர் சிரித்தார். அது நியாயம். தி.மு.க.காரரும் நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. "எவனோ கிளப்பி விடுறான். இதை நம்பிச் சரம் கொளுத்துனா நாளைக்கு நம்மளைத்தான் சிரிப்பானுங்க" என்று, வாங்கிவைத்த பட்டாசைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். முதலமைச்சராவது, சொந்தத் தொகுதியில் தோற்பதாவது! ஆளும் கட்சிக்கு மொத்தமே நாலு இடம் என்று முடிவு வந்த பிறகுதான் பட்டாசு வெளியே வந்தது. பிள்ளையார் குடித்ததை நம்ப எங்கள் தெருவுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஜெயலலிதா தோற்றதை நம்ப வானொலி சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு எல்லோர் சட்டைப்பையிலும் பூத் வந்தது. என் பூத்தை மூடினேன். 2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்து டேட்டாவை இலவசமாக இறைத்தது. இரண்டு மாதத்தில் பணமதிப்பிழப்பு. புது 2,000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும் என்று குடும்பக் குழுவில் போட்டவர் என் மச்சான். முப்பது வருஷம் இயற்பியல் எடுத்த வாத்தியார். "மாமா, உங்க பசங்க பரீட்சையில இப்படி எழுதியிருந்தா மார்க் போட்டிருப்பீங்களா?" என்று என் மகள் கேட்டாள். குழுவிலிருந்து இரண்டு நாள் விலகியிருந்தார். 2023-ல் அந்த நோட்டையே ரிசர்வ் வங்கி திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. சிப்பைப் பற்றி மச்சான் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அரசியலும் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டது. முன்பெல்லாம் என் கடைச் சுவருக்குச் சுண்ணாம்படித்து, கட்சிப் பெயரும் வருஷமும் எழுதி முன்பதிவு செய்வார்கள். எந்தக் கட்சி பொய் எழுதியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். இப்போது என் அக்கா மகன் ஒரு கட்சியின் ஐ.டி. விங்கில் இருக்கிறான். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அவனும் அதை 'பூத்' என்றுதான் சொல்கிறான். தொழில் ரகசியம் கேட்டேன்.

"கோபம் வர்ற மாதிரியோ பயம் வர்ற மாதிரியோ இருந்தா, நாம தள்ள வேணாம் மாமா, தானா ஓடும். பாலம் கட்டுனோம்னு போட்டா எங்கம்மாகூடத் திறந்து பாக்கறதில்ல."

அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மூவர், ட்விட்டரில் பதினோரு வருஷம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை அலசி 2018 மார்ச்சில் ஒரு கட்டுரை போட்டார்கள். மெய்யைவிடப் பொய் மறுபகிரப்பட 70 சதவீதம் அதிக வாய்ப்பாம். காரணம் எந்திரக் கணக்குகள் அல்லவாம், மனிதர்கள்தானாம். புதுசாக இருப்பதைச் சொல்லத் துடிக்கிறார்களாம். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்டூலும் சாத்தாத கதவும் போதுமாயிருந்தன.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவனுக்கு அடுத்த மாதம் ஒரு குரல்பதிவு வந்தது. வடக்கேயிருந்து ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு ஆண் குரல், மூச்சிரைக்க. யார் குரல், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பூத்தில் இருந்தபோது எந்தச் சேதியாக இருந்தாலும் சொன்னவர் யார், எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு என்று என்னிடம் பில் இருந்தது. இதற்கு அப்படி எதுவும் இல்லை. எதுக்கும் இருக்கட்டும் என்று திருப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன், பேரக் குழந்தை இருக்கிற வீடு. அப்படியே இன்னும் மூன்று பேருக்கு.

மகள் உடனே பதில் போட்டாள்: "இது எனக்கு நேத்தே வந்துடுச்சுப்பா."

அந்த நிமிஷம் என் முகம் தொங்கியதை நானே உணர்ந்தேன். அரிசி மண்டிக்காரர் பதினெட்டு ரூபாய் கொடுத்து அடைந்த ஏமாற்றம், எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதிலிருந்த மூதாட்டி அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. அவர் இறந்துபோனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. நாடு முழுக்க இதுபோல் நடந்த பிறகுதான் அந்த ஐந்து பேர் விதி வந்தது.

செய்தியைப் பார்த்த அன்று ராத்திரி அந்தக் குரல்பதிவைத் தேடி எடுத்தேன். எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதிக்கு அப்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கெடு. என் ஃபோனிலிருந்து மட்டும் அழிந்தது.