அந்த 48 இலக்கம் எங்கே?

கேள்வி-பதில்: கணினிப் பூட்டுகளின் புதுமைகளும் வில்லங்கங்களும்

*கடற்கரை வீட்டுக்காரர், கோவளம்: லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. மாற்றிக்கொண்டு வந்து போட்டால் நீலத் திரை தோன்றி 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. எந்தப் பூட்டும் போட்டதாக நினைவே இல்லையே?*

நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டுக்கொண்டது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இது தானாகவே நடக்கும். புதுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் போதும். ஹோம் பதிப்பாகவே இருந்தாலும் டிஸ்க் முழுவதையும் சத்தமில்லாமல் குறியாக்கம் செய்துவிடும். முன்பும் சில மாடல்களில் இது உண்டு. இப்போது வன்பொருள் நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டதால் அதிகமான கணினிகளுக்குப் பரவிவிட்டது. லேப்டாப் திருடு போனால் திருடன் கையில் கிடைப்பது வெறும் தகரமும் கண்ணாடியும்தான் என்ற அளவில் நல்ல விஷயம். பூட்டியதை உரிமையாளரிடம் உரக்கச் சொல்லாததுதான் தகராறு.

சாவி இருப்பது டிபிஎம் என்ற சில்லில். அது பழைய மதர்போர்டோடு கழன்று போய்விட்டது. உப்புக்காற்று அரித்ததோ, மின்னழுத்தம் ஏறியதோ, உங்கள் டிஸ்க்குக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது. புது போர்டு அதற்கு அந்நியன். அதனால் மாற்றுச் சாவியைக் கேட்கிறது. ஆறாறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். எழுதும்போது ஓர் எண் பிசகினால் அங்கேயே பிடித்துவிடத்தான் இந்த ஏற்பாடு.

அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யாருடைய கணக்கில் என்பதுதான் கேள்வி. வாங்கிய அன்று "எல்லாம் செட் பண்ணித் தர்றேன் சார்" என்று கடைத் தம்பி தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்திருந்தால் சாவி அவர் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. தம்பியைத் தேடிப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் அதை உருவாக்கித் தர முடியாது.

*மென்பொருள் ஊழியர், சிறுசேரி: சாமான் எதையும் மாற்றாமல், வெறும் அப்டேட் போட்டாலே அந்த நீலத் திரை வருகிறதாமே?*

வந்திருக்கிறது. 2024 ஜூலை மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகள் காரணமில்லாமல் ரெக்கவரி எண் கேட்டன, ஆகஸ்டில்தான் சரிசெய்தார்கள். 2025 மே மாதம் விண்டோஸ் 10-க்கு அதே கதை. இன்டெலின் குறிப்பிட்ட ஒரு பாதுகாப்பு வசதி இயங்கிய கணினிகளில் சிக்கல் வந்து, அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. தினமும் போகிற வண்டியை ஒருநாள் மட்டும் பரனூர் டோல்கேட்டில் ஓரங்கட்டி ஆர்.சி. புக் கேட்பது மாதிரி. புக் வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிடம். இல்லாதவருக்கு வண்டியே போச்சு.

பெரிய பாடம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான கோப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்தை ஒட்டிய மீனம்பாக்கம் உள்பட நம் விமான நிலையங்கள் திணறின. போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்கள் ஊரெல்லாம் சுற்றின. மருந்து எளிமையானது: சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டும். விண்டோஸின் அந்தப் பூட்டான பிட்லாக்கர் போட்ட கணினியில் சேஃப் மோடுக்குள் நுழையவே 48 இலக்கம் தேவைப்பட்டது. சில நிறுவனங்களில் அந்த எண்களை வைத்திருந்த சர்வரும் அதே நீலத் திரையில் கிடந்தது!

பயாஸ் அப்டேட் போடுமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. சிறுசேரியில் வேலை பார்ப்பவருக்கு இது தெரிந்திருக்கும். வீட்டில் அப்பாவின் கணினிக்கும் அதைச் செய்யுங்கள்.

*தமிழாசிரியர், மதுராந்தகம்: பாஸ்வேர்டைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமா? எந்தத் திருடனுக்கும் தோன்றாதே!*

ஆசை நியாயமானது. ஆனால் கணினி தமிழைப் பார்க்கும் விதம் வேறு. செங்கல்பட்டு ஏரியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கொளவாய்' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21 பைட். வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் 2019-க்கு முந்தைய பதிப்புகள் பாஸ்வேர்டுக்கு 64 பைட்தான் இடம் கொடுத்தன, 1.24 பதிப்பில்தான் 128 ஆனது.

இடம்கூடப் பரவாயில்லை. 'கொ'வை இரண்டு விதமாகப் பதிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒரே 'கொ'. உள்ளே இரண்டாவது முறையில் 'கொளவாய்' 24 பைட் ஆகிவிடும். இரண்டையும் ஒன்றென்று சமன்செய்யாத மென்பொருளுக்கு அவை இரு வேறு பாஸ்வேர்டுகள். அலுவலகத்தில் ஒரு விசைப்பலகை, வீட்டில் வேறொன்று என்றால், சரியான சொல்லைச் சரியாகவே அடித்தும் 'தவறு' என்று பதில் வரும். தமிழாசிரியருக்கு இதைவிட அவமானம் கிடையாது.

கணினி முழுவதையும் வெராகிரிப்டால் பூட்டுவதானால் பேச்சே இல்லை. விண்டோஸ் எழுமுன் கேட்கும் பாஸ்வேர்டில் அமெரிக்க விசைப்பலகையின் எழுத்துகளுக்கு மட்டுமே அனுமதி. ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அடித்து வையுங்கள். 'கொளவாய்' மட்டும் வேண்டாம், அச்சில் வந்துவிட்டது.

*கல்பாக்கம் டவுன்ஷிப் வாசகி: டிஸ்க் முழுக்கக் குறியாக்கம் செய்தாயிற்று. இனி வைரஸ் பயம் இல்லைதானே?*

இருக்கிறது, முன்பு இருந்த அதே அளவு. டிஸ்க் குறியாக்கம் காப்பது அணைத்து வைத்த கணினியை. நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தபின் எல்லாக் கோப்புகளும் உங்களுக்கும் வாசிக்கக் கிடைக்கும், உங்கள் பெயரில் ஓடும் தீம்பொருளுக்கும் கிடைக்கும்.

உங்கள் ஊரின் அணுமின் துறையிலேயே உதாரணம் உண்டு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீம்பொருள் நுழைந்தது. முதலில் நிலையம் மறுத்தது. அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்திருந்தது. அணு உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்று கழகம் விளக்கியது. அதாவது காப்பாற்றியது குறியாக்கம் அல்ல, பிரித்துவைத்த கம்பி.

இன்னொன்று: மூடியை மடக்கி ஸ்லீப்பில் வைப்பதும் அணைப்பதும் ஒன்றல்ல. ஸ்லீப்பில் சாவி நினைவகத்திலேயே இருக்கும். மின்சாரம் நின்றபிறகும் நினைவகச் சில்லைக் குளிர்வித்துச் சாவியை மீட்கலாம் என்று 2008-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். பயணத்துக்கு முன் ஷட் டவுன் செய்யுங்கள்.

*ஸ்டூடியோ உரிமையாளர், செங்கல்பட்டு: 2011-இல் ட்ரூகிரிப்டில் பூட்டிய கோப்பு ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டும் நினைவிருக்கிறது. புது வெராகிரிப்ட் திறக்க மறுக்கிறதே?*

பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா! பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். 2023-இல் வந்த வெராகிரிப்ட் 1.26 வரிசை, ட்ரூகிரிப்ட் கோப்புகளுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 1.25.9 பதிப்பை இறக்கி, ட்ரூகிரிப்ட் முறையைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். படங்களைப் புதுப் பெட்டகத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை விட்டுவிடுங்கள்.

ட்ரூகிரிப்டின் கதை மர்ம நாவல் ரகம். எழுதியவர்கள் தங்களை வெளிக்காட்டிக்கொள்ளவே இல்லை. பிரேசில் வங்கியாளர் டேனியல் டான்டாஸின் டிஸ்க்குகளை 2008-இல் பறிமுதல் செய்த போலீஸ், உடைக்க முடியாமல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பியது, அவர்களும் சுமார் ஓராண்டு முயன்று திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட பூட்டு, 2014 மே 28 அன்று தன் இணையப் பக்கத்திலேயே 'இது பாதுகாப்பானதல்ல, பிட்லாக்கருக்கு மாறுங்கள்' என்று எழுதிவிட்டுக் காணாமல் போனது. 2015-இல் முடிந்த தணிக்கையில் வேண்டுமென்றே வைத்த கள்ளவாசல் எதுவும் அகப்படவில்லை. ஆனால் அதே ஆண்டு அதன் விண்டோஸ் டிரைவரில் இரண்டு ஓட்டைகள் தெரியவந்தன. ட்ரூகிரிப்டை அடியொற்றிப் பிரான்சில் மூனிர் இத்ராசி 2013-இல் தொடங்கியிருந்த வெராகிரிப்ட் அவற்றை உடனே அடைத்தது. ட்ரூகிரிப்டில் அடைக்க ஆளில்லை.

*சுற்றுலா வழிகாட்டி, மாமல்லபுரம்: ஆப்பிள், லினக்ஸ் எல்லாம் இந்தத் தொல்லை இல்லாதவை என்கிறார்களே வெளிநாட்டுக்காரர்கள்?*

2017-இல் மேக்கின் ஹை சியரா பதிப்பில், பூட்டிய டிஸ்க்குக்கு 'பாஸ்வேர்டை நினைவூட்டும் குறிப்பு' கேட்டால், சில சமயம் பாஸ்வேர்டையே காட்டியது. இதைவிட நல்ல குறிப்பு யாராலும் கொடுக்க முடியாது. 2016-இல் சில லினக்ஸ் கணினிகளில் பாஸ்வேர்டு கேட்கும்போது என்டர் விசையைச் சுமார் 70 விநாடி அழுத்திப் பிடித்தால் நிர்வாகிக்கான கட்டளைத் திரை திறந்தது. டிஸ்க்கில் இருந்த தகவல் பூட்டியபடியேதான் இருந்தது, ஆனாலும் மானம் போயிற்று. இரண்டையும் திருத்திவிட்டார்கள். இதை வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள், டிப்ஸ் கிடைக்கலாம்.

*கல்லூரி மாணவி, கேளம்பாக்கம்: புராஜெக்ட் அறிக்கைக்காக வெராகிரிப்ட் ஜன்னலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஜன்னலே படத்தில் விழவில்லை. பேயா?*

புது வசதி. 2025-இல் வந்த 1.26.24 பதிப்பு முதல், விண்டோஸில் தன் ஜன்னல்களைப் படம் பிடிக்கவிடாமல் அது தடுக்கிறது. திரையைத் தொடர்ந்து படமெடுத்துச் சேமிக்கும் விண்டோஸின் 'ரீகால்' போன்றவற்றுக்கு எதிரான தற்காப்பு. அமைப்புகளில் அணைக்கலாம், அறிக்கை முடிந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள்.

*ஆடிட்டர், தாம்பரம்: வாடிக்கையாளர் கணக்குகளைப் பூட்டி வைத்தால் அரசாங்கம் கோபித்துக்கொள்ளுமா?*

பூட்டாவிட்டால்தான் இனி கோபம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. தரவைக் காக்கும் வழிகளில் குறியாக்கத்தையும் அவை பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தாம்பரம் ஆடிட்டரிடம் அவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

அதே அரசுதான் 2015 செப்டம்பரில் குறியாக்கக் கொள்கை வரைவு ஒன்றை வெளியிட்டது. பூட்டி அனுப்பியதன் பூட்டாத பிரதியைக் குடிமக்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டுமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. அதிகாரம் பெற்ற அமைப்பு முறைப்படி உத்தரவிட்டும் திறக்க உதவ மறுத்தால் ஏழாண்டு வரை சிறை.

*தொழிற்சாலை ஊழியர், மறைமலைநகர்: கடைசியில் எதைத்தான் போடுவது?*

விண்டோஸ் லேப்டாப்பா, அதிலேயே இருக்கும் பூட்டு போதும். மேக் என்றால் ஃபைல்வால்ட். லினக்ஸ் என்றால் நிறுவும்போதே லக்ஸ் என்ற முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே பென் டிரைவ் மூன்றிலும் திறக்க வேண்டுமென்றால் வெராகிரிப்ட். 'டிஸ்க்கே தன்னைப் பூட்டிக்கொள்ளும்' என்று விற்கும் எஸ்எஸ்டியின் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட சில பிரபல மாடல்களைப் பாஸ்வேர்டு இல்லாமலே திறந்து காட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட், பிட்லாக்கர் அந்த டிஸ்க்குகளை நம்பி ஒப்படைப்பதை நிறுத்தி, தானே பூட்டும்படி மாற்றிவிட்டது.

எதைப் போட்டாலும் முதலில் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுங்கள். பிறகு இன்றைக்கே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த 48 இலக்கத்தைத் தாளில் அச்சடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.