கூட்டல் குறி போட்டால் போதும்

செய்ய வேண்டிய வேலைகளைக் கணினியில் எழுதி வைப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். எந்தச் சாவியை அழுத்தினால் எந்தத் திட்டத்தின் வேலைகள் மட்டும் தெரிய வேண்டும், முடிந்த வேலை எந்த நிறத்தில் மங்க வேண்டும் என்று எடிட்டரைச் செதுக்கிக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு ரகம். மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்து உட்கார்ந்த பிறகு இந்த இரண்டாம் ரகம் தென்காசி வட்டாரத்துக்கும் புதிதில்லை. இவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம்; சோம்பேறிக்கு இவ்வளவு உழைக்கத் தெரியாது. இவர்கள்மீது என் வழக்கு வேறு: அனுபவித்ததை உற்பத்தித்திறன் என்று கணக்கு எழுதுகிறார்கள்.

தேவை எவ்வளவு என்று பார்த்தால் அந்தக் கணக்கு உடனே வெளுத்துவிடும். 2006-இல் ஜினா ட்ரபானி பரப்பிய டூடூ.டெக்ஸ்ட் முறையில் ஒரு வேலைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். ‘கரண்ட் பில் கட்டு +வீடு’ என்று எழுத வேண்டும்; கூட்டல் குறியை ஒட்டி வருவது திட்டத்தின் பெயர். +வீடு என்று தேடினால் வீட்டு வேலைகள் மட்டும் வந்து நிற்கும். தேடித் தருவதற்குக் கென் தாம்சன் 1970-களிலேயே எழுதிய கிரெப் இருக்கிறது. ஈமேக்ஸ் என்ற எடிட்டரை வைத்திருப்பவர்களுக்கு, ஆம்ஸ்டர்டாம் வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய ஆர்க் மோட். அதன் அஜெண்டா என்ற வேலைப் பட்டியலில் ஒரு வரிமேல் கர்சரை வைத்து ‘<’ சாவியைத் தட்டினால் அந்த வகையறா மட்டும் தெரியும். மறுபடி தட்டினால் எல்லாம் திரும்பிவிடும். (டொமினிக்கும் ஒரு சாவியோடு நின்றுவிடவில்லை. ஆர்க் மோடின் கையேடு தனிப் புத்தகமாகவே அச்சானது. வானத்துக்கு உரிய நேரம் கொஞ்சம் அதில் போயிருக்கும்.)

‘தமிழில் எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்’ என்று ஓர் ஆட்சேபம் வரும். இதை மரியாதையோடுதான் கேட்க வேண்டும். திட்டத்தின் பெயரைப் பிரித்தெடுக்கப் பலரும் பழக்கதோஷத்தில் எழுதுவது, ‘எழுத்தாக இருக்கும்வரை எடுத்துக்கொள்’ என்று சொல்லும் ஒரு ரெகெக்ஸ் (தேடல் வாய்பாடு) குறி. பைத்தான் நிரல்மொழியோடு வரும் ரெகெக்ஸுக்குத் தமிழின் கொம்பும் புள்ளியும் எழுத்தில் சேர்த்தியில்லை; அவை வந்த இடத்தில் நின்றுவிடும். ஆகவே +தென்காசி என்பதில் அதற்குக் கிடைப்பது வெறும் ‘த’. +திருநெல்வேலி கொடுத்தாலும் ‘த’, +தூத்துக்குடி கொடுத்தாலும் அதே ‘த’. 1986-இல் தூத்துக்குடியையும் 2019-இல் தென்காசியையும் நெல்லையிலிருந்து அரசு பிரித்துக் கொடுத்தது. ஒற்றைக் குறி மூன்றையும் மறுபடி ஒரே மாவட்டமாக்கிவிடுகிறது. தனி மாவட்டம் கேட்டுக் கால்கடுக்க நின்றவர்கள் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்! ஆனால் வைத்தியம் அரை வரிதான். கூட்டல் குறியிலிருந்து அடுத்த இடைவெளிவரை எல்லாவற்றையும் எடு என்று மாற்றினால் மாவட்டங்கள் பிரிந்துவிடும். அதைச் செய்துவிட்டு எழுந்தவர் வேலை பார்த்தவர். அதையே சாக்காக வைத்து, திட்டத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு ஐகான் என்று ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தவர் வேறு ஏதோ செய்திருக்கிறார்.

இப்படி ஒரு திட்டத்தை மட்டும் வடிகட்டினால் மறைந்தது மறந்துபோகும் என்பாரும் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் காலமான ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாட்டல்ல என்று தமக்குப் பட்டவற்றையெல்லாம் விலக்கிவிட்டு ‘கம்பர் தரும் ராமாயணம்’ கொண்டுவந்தார். பண்டிதர்கள் பலருக்குக் கோபம். ஆனாலும் ஒரு பாட்டும் அழியவில்லை. முழுப் பதிப்புகள் இருந்தபடியே இருக்கின்றன. வடிகட்டி பார்வையைத்தான் மறைக்கும், கோப்பைத் தொடாது. மறதிக்குக் காரணம், வாரம் ஒருமுறையாவது வடிகட்டியை விலக்கி மொத்தத்தையும் பார்க்க நமக்கிருக்கும் பயம். மறக்காமலிருக்க எழுதிவைக்கும் விஷயத்தில் பராக்கிரம பாண்டியன் கெட்டிக்காரன். 15-ஆம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டியவன், பின்னாளில் இதற்கு ஏதும் குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களை இப்போதே பணிகிறேன் என்று பாட்டாகக் கல்லில் வெட்டிவைத்தான். நிறமில்லை, ஐகான் இல்லை, வெறும் எழுத்து. சிதைந்துபோயிருந்த ராஜகோபுரம் மறுபடி எழும்பி 1990-இல் குடமுழுக்கு நடந்தது. கொஞ்சம் தாமதம்தான், வேலை முடிந்ததா இல்லையா?

அப்படியானால் எடிட்டரைச் செதுக்குவதே வீணா? யார் சொன்னது! ஜூனில் சாரல் விழுந்ததும் தென்காசிக்காரர் குற்றாலத்துக்கு ஏன் ஓடுகிறார், வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லாமலா? எண்ணெய் தேய்த்து, துண்டோடு வரிசையில் நின்று, ஐந்தருவியில் அடுத்தவர் முழங்கை விலாவில் படக் குளிப்பதை அழுக்குப் போக்கும் காரியம் என்று அவர் கணக்குக் காட்டுவதில்லை. சுகம் என்கிறார், ஊரும் விட்டுவிடுகிறது. எடிட்டர்காரரும் அப்படிச் சொன்னால் நாம் ஏன் கேட்கப் போகிறோம்? ஆறு மணி நேரம் செலவழித்துவிட்டு, ‘தினம் மூன்று விநாடி மிச்சம்’ என்கிறபோதுதான் உதைக்கிறது. போட்ட நேரம் கைக்குத் திரும்பவே ஏறக்குறைய 20 ஆண்டு ஆகும். அதற்குள் எடிட்டரையே மூன்று தடவை மாற்றியிருப்பார்.

சம்பளம் கொடுப்பவர் இந்தச் சுகத்துக்கு ஒப்புவாரா என்றால், அதற்கும் குற்றாலத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை. எத்தனை மைல் தாண்டி வந்திருந்தாலும் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எடிட்டரின் அமைப்புக் கோப்பு வேலைப் பட்டியலைவிட நீளமாகிற நாளை அந்த வளைவாக வைத்துக்கொள்ளலாம். தடையை அறிவிக்கும் அதிகாரத்தை மட்டும் எடிட்டர்காரரிடம் கொடுக்கக் கூடாது. கரண்ட் பில் கட்டச் சொல்லிக் காத்திருப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.