அழுக்குக்கும் அளவு உண்டு

கம்பத்துக்கு இன்னும் ரயில் வரவில்லை. என் மேஜைக்கு மட்டும் வந்துவிட்டது: பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிய ஒய்.டி.எம்.4 டீசல் என்ஜின், அசலில் 87-ல் ஒரு பங்கு. மதுரை–போடி மீட்டர் கேஜில் ஓடிய இனம். 1928-ல் போட்ட அந்தத் தடத்தை உலகப் போரின்போது பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிற்பாடு திரும்பப் போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மறுபடி மூடினார்கள். தேனிக்கு ரயில் திரும்ப 2022 ஆயிற்று, போடிக்கு 2023. இத்தனை பாடுபட்ட தடத்து என்ஜின் பளபளவென்று நின்றால் பொய்சாட்சி ஆகாதா? அதனால்தான் அழுக்காக்குகிறேன்.

அதற்கும் சட்டதிட்டம் இருக்கிறது. புகைபோக்கியைச் சுற்றிக் கரி. சக்கரத்தடியில் பிரேக் கட்டை தேய்ந்து பறந்த தூளின் காவி. டீசல் ஊற்றும் வாய்க்குக் கீழே மட்டும் எண்ணெய்க் கோடு. தின்னரில் நீர்த்த கறுப்பைப் பூசி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலிருந்து கீழாகவே துடைக்க வேண்டும். மழைத்தண்ணீர் வழியும் திசை அது. கடைசியாக ஆண்டிபட்டிச் செம்மண், மல்துணியில் சலித்தது. இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது 87 மில்லிமீட்டர் கல். ஒன்று தப்பினாலும் அது தூசி படிந்த என்ஜின் இல்லை, பந்த் அன்றைக்குக் கிளம்பிய என்ஜின்.

இதெல்லாம் மாமியாருக்குப் புரியவில்லை. போடிக்காரர். ஈயச் சொம்பைக்கூடப் புளி போட்டுத் தேய்ப்பவர்.

“மாப்ளே, நல்லா இருந்ததுல ஏன் சகதியப் பூசுறீக?”

“அப்பத்தான் அத்தை, அசல் மாதிரி இருக்கும்.”

“நாங்க போன ரயிலு ஏலக்கா வாசமால்ல இருக்கும்!”

வாசத்துக்குப் பெயின்ட் கிடையாது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஆயுத பூஜை. தெருவே வண்டி கழுவிக்கொண்டிருந்தது. நான் மட்டும் துருவுக்கு இரண்டாம் பூச்சு போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் என்ஜினின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். அத்தை கைங்கரியம். துடைக்க மனம் வரவில்லை. ஆயுத பூஜைக்கு ஷெட்டில் அசல் என்ஜினுக்கும் பொட்டு வைப்பார்கள்தானே. ஆனால் ஸ்கேலை வைத்து அளந்தேன்: 6 மில்லிமீட்டர். கணக்குப்படி அசலில் அரை மீட்டருக்கு மேல். டிரைவருக்கு முன்னால் இருக்கும் தடம் தெரியாது.

“அத்தை, பொட்டு கொஞ்சம் பெரிசு.”

“சாமி காரியத்துல என்ன சின்னது பெரிசு? எலுமிச்சம்பழம் எங்க வைக்கிறது, அதச் சொல்லுங்க!”