எக்கோ அண்ணன்

சென்னீர்குப்பத்தில் ஆவடி சாலையை விட்டு எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும், ஏதோ ஒரு மாடியில் எக்கோ அண்ணன் இருப்பார். பத்துக்குப் பத்து அறை, ஒரு லேப்டாப், ஒரு மைக், சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்பது பைபாஸில் ஹாரன் அடித்துப் போகும் லாரிக்குத் தெரியும்; அண்ணனுக்குத்தான் தெரியாது.

பாட வந்தவர் தொண்டையைச் செருமுவதற்குள், "டென்ஷன் ஆகாதீங்க தலைவா, ரிவெர்ப்ல பாத்துக்கலாம்" என்பார். சுருதி விலகினால் குரலை முழங்கவைக்கும் ரிவெர்ப், தாளம் தப்பினால் சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் டிலே. டிரை, வெட் என்று இரண்டு பக்கமும் திருகக்கூடிய குமிழ், ஐப்பசி மாதத்துத் தெருவைப் போல அவரிடம் எப்போதும் வெட்டாகவே கிடக்கும். ஆடி மாத அம்மன் பாட்டுக்கு அவர் போடும் ப்ரீசெட்டின் பெயர் கதீட்ரல். அம்மன் கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை.

ஆனால் மனுஷன் கணக்கில் புலி. 60,000-ஐப் பாட்டின் டெம்போவால் வகுத்தால், ஒரு தட்டுக்கான டிலே மில்லிசெகண்டில் வந்துவிடும். டெம்போ 120 என்றால் 500. அதில் முக்கால் பங்கு 375, கிடாருக்கு அதுதான் அழகு. இதையெல்லாம் மனக்கணக்காகச் சொல்பவருக்கு மளிகைக் கடைப் பாக்கி மட்டும் நினைவில் நிற்பதில்லை.

சரித்திரமும் வைத்திருக்கிறார். 1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. கம்பெனி கொண்டுவந்த 140 என்ற ரிவெர்ப் பெட்டிக்குள் பெரிய எஃகுத் தகடு இருக்கும், எடை கால் டன்னுக்கு மேல். "இப்ப அதெல்லாம் இந்த லேப்டாப்புக்குள்ள இருக்கு" என்று சொல்லி மடியில் தட்டுவார். இந்தச் சின்ன அறையிலா என்று சந்தேகப்பட்டால் 1989-க்குப் போய்விடுவார்: "ரஹ்மான் சாரும் பஞ்சதன் ஸ்டுடியோவை வீட்டுக் கொல்லையிலதான் கட்டினாரு."

போன வாரம் பல்லவியின் நடுவே கீழ்வீட்டு குக்கர் விசில் பதிவாகிவிட்டது. அண்ணன் அழிக்கவில்லை, "நேச்சுரலா இருக்கு" என்று அதற்கும் டிலே போட்டார். மறுநாள் ஸ்பீக்கரில் சத்தமாக ஓட விட்டபோது, கீழே அடுப்படிக்கு வெளியே நின்று விசில் எண்ணிக்கொண்டிருந்த அக்கா, மூன்று வந்துவிட்டதென்று ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டார். அரைமணி கழித்து, கையில் கரண்டியோடு படியேறி வந்தார்.

"ஏம்பா, அரிசி வேகவே இல்லையே!"

அண்ணன் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்: "ஃபீட்பேக் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சுக்கா. குறைச்சுடறேன்."